மஸ்கட்டிலிருந்து மிர்பாத் வரை: ஓமனில் வண்டி ஓட்டிப் பார்க்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

மஸ்கட்டில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். ஊர் திரும்பி மூன்று வருஷம் ஆகிறது. இன்னும் மாதம் ஒருத்தராவது "ஓமன் போறோம், வண்டி எடுத்து ஓட்டலாமா?" என்று வாட்ஸப்பில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். வந்த கேள்விகளையெல்லாம் பெரும்பாலும் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே போட்டு வைக்கிறேன்.

எத்தனை நாள் வேணும்? எந்த வழியா போறது?

பத்து நாள் இருந்தால் நிம்மதி. மஸ்கட்டில் ஒரு நாள். மலையைத் தாண்டி உள்நாட்டுப் பக்கம் நிஸ்வா. அங்கேயே இரண்டு இரவு தங்கி பஹ்லா, ஜப்ரீன் கோட்டைகளும் மிஸ்ஃபா கிராமமும் பார்க்கலாம். பிறகு மஸ்கட் பக்கமாகத் திரும்பி, கடலோரமாகச் சூர். அங்கிருந்து ராஸ் அல் ஹத் முனையைச் சுற்றி, கரையை விடாமல் தெற்கே இறங்கினால் ஹாசிக், மிர்பாத், கடைசியில் சலாலா.

மஸ்கட்டிலிருந்து நிஸ்வா சுமார் 160 கிலோமீட்டர், சூர் சுமார் 200. இரண்டும் காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையில் முடிகிற தூரம். சூரிலிருந்து சலாலா அப்படியில்லை, கடலோரமாக ஆயிரம் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட வரும். நடுவில் இரண்டு இரவு தங்கித்தான் போக வேண்டும். சலாலாவில் வண்டியை ஒப்படைத்துவிட்டு மஸ்கட்டுக்கு விமானம் ஏறிவிடுங்கள். ஆதம், ஹைமா வழியாக உள்நாட்டு நெடுஞ்சாலையிலும் திரும்பலாம்தான். ஆனால் மணிக்கணக்கில் ஒரே தட்டை நிலம், ஓட்டுகிறவருக்குத் தூக்கம் சொக்கும்.

கையில் ஐந்து நாள்தான் என்றால் நிஸ்வாவும் சூரும் போதும். சலாலாவையும் சேர்த்துத் திணித்தால் பெட்ரோல் பங்குகளைத்தான் பார்ப்பீர்கள்.

எந்த மாசம் போகலாம்?

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. கோடையில் உள்நாட்டில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும், கோட்டைச் சுவரில் கை வைக்க முடியாது.

சலாலா மட்டும் தனிக் கணக்கு. குற்றாலத்தில் சாரல் விழுகிற அதே மாதங்களில், அதே தென்மேற்குப் பருவக்காற்று அங்கே சலாலாவுக்குப் பின்னால் இருக்கிற தோஃபார் மலையில் முட்டி நிற்கும். ஜூன் பின்பாதியிலிருந்து செப்டம்பர் வரை பனி மூட்டமும் தூறலுமாக மலை முழுக்கப் பச்சை. கரீஃப் என்பார்கள். வளைகுடா முழுதும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பி அங்கே வரும். ரூம் வாடகை கூடும், மலைச் சாலையில் வண்டிகள் வால் பிடித்து நிற்கும். வடக்கும் தெற்கும் ஒரே பயணத்தில் நல்ல பருவத்தில் கிடைக்காது. செப்டம்பர் கடைசியில் போனால் தெற்கே பச்சை மிச்சமிருக்கும், கூட்டம் குறைந்திருக்கும், வடக்கே வெயிலைத்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விசா, லைசென்ஸ்?

ஓமன் போலீஸின் இ-விசா தளத்தில் நீங்களே போட்டுவிடலாம், ஏஜென்ட் தேவையில்லை. கட்டணமும் விதியும் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்புமுன் அந்தத் தளத்தையே பாருங்கள். நம் ஊர் லைசென்ஸோடு ஆர்.டி.ஓ. ஆபீசில் இன்டர்நேஷனல் பெர்மிட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை வண்டிக் கடையில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

ஃபோர் வீல் டிரைவ் எடுக்கணுமா, சின்ன கார் போதுமா?

மேலே சொன்ன வழி முழுக்க நல்ல தார்ச் சாலை. சின்ன கார் தாராளமாகப் போதும். ஜபல் அக்தர் மலைக்கு மட்டும் அது செல்லாது. மலையடிவாரத்தில், பிர்கத் அல் மவ்ஸில், போலீஸ் சோதனைச் சாவடி இருக்கிறது. சாலை அருமையாகத்தான் இருக்கும், ஆனாலும் ஃபோர் வீல் டிரைவ் இல்லாமல் மேலே விடமாட்டார்கள். இறங்கும்போது பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய் நிறைய விபத்து நடந்த மலை அது.

இது தெரியாமல் முதல் வருஷம், மாமியார் மாமனாரை ரோஜாத் தோட்டம் காட்டுகிறேன் என்று சின்ன காரில் கூட்டிப் போனேன். போலீஸ்காரர் குனிந்து பார்த்தார், சிரித்தார், விரலால் ஒரு வட்டம் போட்டார்: திருப்பு. மாமனார் அன்று மாலை வரை ஒன்றும் பேசவில்லை. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை மேலே ரோஜா பூக்கும், மண் அடுப்பில் பன்னீர் காய்ச்சுவார்கள். அதைப் பார்க்க ஆசையென்றால் அந்த ஒரு நாளுக்கு மட்டும் பெரிய வண்டி எடுங்கள், அல்லது உள்ளூர் டிரைவரோடு ஏறுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு இருக்கிறதா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். இந்த வழிக்கு வரம்பில்லாத வண்டிதான் கட்டும்.

ஓட்டுறதுல என்ன கவனிக்கணும்?

சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் இடப்பக்கம். ஒரு நாளில் கை பழகிவிடும், ரவுண்டானாவில் மட்டும் மூளை இரண்டு நாள் அடம்பிடிக்கும். நெடுஞ்சாலையில் 120 வரை போகலாம். கேமரா எங்கும் உண்டு, அபராதம் வாடகைக் கடை வழியாக உங்களையே தேடி வரும். பொழுது சாய்ந்த பின் ஊருக்கு வெளியே ஓட்டாதீர்கள். ஒட்டகம் இருட்டோடு இருட்டாகச் சாலையில் நிற்கும்; காலில் இடித்தால் உடம்பு முழுதும் கண்ணாடி வழியாக உள்ளே வந்துவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது வாதி. வருஷத்தில் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும் காட்டாற்றுப் படுகையைத்தான் வாதி என்கிறார்கள். சாலை பல இடங்களில் பாலம் இல்லாமல் அதற்குள்ளேயே இறங்கி ஏறும். நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும். எங்கோ மலையில் பெய்த மழை பத்து நிமிஷத்தில் கல்லையும் மரத்தையும் உருட்டிக்கொண்டு வந்து சேரும். தண்ணீர் ஓடும்போது வண்டியை இறக்குவது அங்கே சட்டப்படி குற்றம், சிறை வரை போகும். உள்ளூர்க்காரர்கள் கரையில் வண்டியை நிறுத்தி, பாய் விரித்து, டீ போட்டுக் குடிப்பார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள்.

நிஸ்வாவுக்கு வெள்ளிக்கிழமைதான் போகணும்னு சொல்றாங்களே, ஏன்?

ஆட்டுச் சந்தைக்காக. அதனால் வியாழன் இரவே நிஸ்வாவில் இருக்க வேண்டும், காலை ஏழுக்குள் கோட்டை அடிவாரச் சந்தையில் நிற்க வேண்டும்.

நம் ஊர்ச் சந்தையில் ஆட்டைக் கட்டிப் போட்டிருப்பார்கள், வாங்குகிறவர் சுற்றி வருவார். இங்கே தலைகீழ். வாங்குகிறவர்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், விற்கிறவர் ஆட்டைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு அந்த வட்டப் பாதையில் நடந்துகொண்டே விலை கூவுவார். ஒரு கிழவர் கையைத் தூக்குவார். வட்டம் நிற்காது, அந்த ஆடு மட்டும் ஒதுங்கும். முதுகெலும்பை விரலால் அமுக்கிப் பார்ப்பார், உதட்டைப் பிரித்துப் பல் பார்ப்பார், வயிற்றடியில் கைவிடுவார். தலையாட்டினால் மறுபடி நடை. குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிற பையன்கள், முகமூடி போட்ட பெதூ (பாலைவன நாடோடி) பெண்கள், எல்லோரும் ஒரே வட்டத்தில். பெண்கள் பேரம் பேசும்போது எதிராளிக்கு மூச்சு விட நேரம் கொடுக்கமாட்டார்கள். ஒன்பதுக்கெல்லாம் புழுதி அடங்கிவிடும். நடைபாதையில் குறுக்கே நின்று படம் எடுக்காதீர்கள், மாடு வந்தால் ஒதுங்குங்கள்.

கோட்டை எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்? எதைப் பார்க்கலாம்?

ஒன்றே ஒன்று என்றால் ஜப்ரீன். நிஸ்வா கோட்டை 17ஆம் நூற்றாண்டில் இமாம் சுல்தான் பின் சைஃப் கட்டியது, 12 வருஷ வேலை என்கிறார்கள். உருண்டைக் கோபுரம் கம்பீரம், படி ஏறுகிறவர் தலையில் கொதிக்கும் பேரீச்சம் பாகு ஊற்ற ஓட்டைகள் உண்டு. பஹ்லா கோட்டை 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, ஓமனில் முதலாவது. ஊரையே சுற்றி சுமார் 12 கிலோமீட்டருக்கு மண்சுவர். ஆனால் உள்ளே வெறும் அறைகள்தான்.

ஜப்ரீன் போருக்கான கட்டடம் இல்லை, வாழ்வதற்கான வீடு. 17ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பில்அரப் பின் சுல்தான் கட்டினார், கடைசியில் அங்கேயே அடக்கமானார். கூரை மரத்தில் பூ வேலை. 'சூரியன் சந்திரன் கூடம்' என்ற அறையில் மேலும் கீழுமாக 14 ஜன்னல்கள். கீழ் வரிசையில் குளிர்ந்த காற்று புகுந்து, மேல் வரிசை வழியாகச் சூடான காற்று வெளியேறும். நண்பகலில் அங்கே போய் உட்கார்ந்து பாருங்கள். மாடியில் ஒரு அறையைக் காட்டி இமாமின் குதிரைக்கு என்பார்கள். எனக்குப் பிடித்தது பேரீச்சம்பழக் கிடங்கு. தரை முழுக்க வரப்பு வரப்பாக இருக்கும். பழ மூட்டைகளை அதன் மேல் அடுக்கினால், தன் பாரத்திலேயே கசிகிற பாகு வாய்க்கால் வழியாக ஓடி ஜாடியில் சேரும். தோசைக்குத் தொட்டுக்கொள்ளவும் அது ஆகும், படையெடுத்து வருகிறவர் தலையில் ஊற்றவும் ஆகும்.

ஃபலஜ்னா என்ன? எல்லாரும் அதைப் பார்னு சொல்றாங்க.

மலையடி ஊற்றுநீரைச் சரிவிலேயே ஊர் வரை கொண்டுவரும் வாய்க்கால். ஓமனில் இன்னும் 3000க்குப் பக்கத்தில் ஓடுகின்றன. அதில் ஐந்தை யுனெஸ்கோ 2006இல் பட்டியலில் சேர்த்தது. நிஸ்வாவின் ஃபலஜ் தாரிஸ் அவற்றில் ஒன்று.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு முறைப்பாசனம் என்றால் விளக்க வேண்டாம். இங்கே பங்கு, தண்ணீரின் அளவில் இல்லை, நேரத்தில். அரை மணி நேரத்துக்கு 'அதர்' என்று பெயர். பகலில் நட்டு வைத்த கம்பின் நிழலையும், இரவில் நட்சத்திரத்தையும் பார்த்து மடை மாற்றினார்கள். வாய்க்காலில் முதலில் குடிநீர், அடுத்து மசூதி, அதற்குப் பின் குளியல், கடைசியில் தோப்பு என்று வரிசை. மிஸ்ஃபா அல் அப்ரியீன் கிராமத்தில் மண் வீடுகளுக்கு நடுவே இந்த வாய்க்காலை ஒட்டியே நடந்து போகலாம்.

மஸ்கட்–சூர் கடலோரத்துல எங்கெல்லாம் நிக்கணும்?

பிம்மா பள்ளம்: சுண்ணாம்புப் பாறை இடிந்து உண்டான குழி, அடியில் நீலப்பச்சைத் தண்ணீர், அரை மணி நேரம் போதும். வாதி ஷாப்: படகில் மறுகரை போய், முக்கால் மணி நேரம் நடந்து, அதன் பிறகு நீந்த வேண்டும், நீச்சல் தெரியாதவர்களும் பெரியவர்களும் முதல் குளத்தோடு நிற்கலாம்.

சூருக்குச் சற்று முன்னால் கல்ஹாத். எல்லோரும் 120இல் கடந்து போய்விடுகிற இடம். 2018இல் யுனெஸ்கோ பட்டியலுக்கு வந்தது. இன்று நிற்பது பீபி மர்யம் சமாதி ஒன்றுதான், கூரை இடிந்த சின்னக் கட்டடம். நான் போனபோது வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். ஒரு காலத்தில் ஹோர்முஸ் அரசின் பெரிய துறைமுகம் இது. இங்கிருந்து இந்தியாவுக்குக் குதிரைகள் ஏறியதை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பாண்டிய மன்னன் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரை வாங்கிக் குவித்து, பராமரிக்கத் தெரியாமல் சாகடித்த கதையையும் அவரே சொல்கிறார்.

14ஆம் நூற்றாண்டு மொராக்கோ பயணி இபின் பதூதா சூரிலிருந்து இங்கே நடந்தே வந்தார். வழிகாட்டியாக வந்தவன் துணியைத் திருடப் பார்த்தான், கால் வீங்கிப்போய்த்தான் ஊர் சேர்ந்தார். ஆனால் சாப்பாட்டில் மனம் குளிர்ந்துவிட்டார்: இலையில் வைத்துச் சுட்ட மீன், சோற்றின் மேல். அந்த அரிசி இந்தியாவிலிருந்து வருகிறது என்றும் குறித்து வைத்திருக்கிறார். பிறகு போர்த்துகீசியர் வந்து, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரை எரித்துவிட்டுப் போனார்கள்.

சூர்ல ஒரு நாள் போதுமா?

போதும், அதில் ஒரு மாலை முழுதும் படகுத் துறையில் இருங்கள். பாய்மரக் கப்பல் கட்டுகிற பட்டறை ஊருக்குள்ளேயே இருக்கிறது. தேக்கு நம் மலையாளக் கரையிலிருந்து போனது. 1951இல் இங்கே கட்டி, பிறகு ஏமனில் கிடந்து, 1990களில் மீட்டுக்கொண்டு வந்த ஃபத்ஹ் அல் கைர் என்ற கப்பல், கன்ஜா என்கிற பெரிய பாய்மர ரகம், கரையிலேயே நிற்கிறது. 1980இல் ஆணி இல்லாமல், தேங்காய் நார்க் கயிற்றால் பலகையைத் தைத்து 'சோஹார்' என்ற கப்பலைக் கட்டியதும் இந்த ஊரில்தான். அது சீனாவின் கான்டன் வரை போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் அல் அய்ஜா கலங்கரை விளக்கத்தின் பக்கம் போய் நின்றால், வெள்ளை வீடுகளும் கழிமுகமும் ஒன்றாகத் தெரியும்.

ஆமை நிச்சயமாப் பார்க்கலாமா?

நிச்சயம் என்று யாரும் சொல்ல முடியாது. ராஸ் அல் ஜின்ஸில் பச்சை ஆமைகள் வருஷம் முழுக்க முட்டையிட வரும், ஜூன் முதல் செப்டம்பர் வரை அதிகம். கூட்டிப் போவது இரவில் ஒரு தடவை, விடியுமுன் ஒரு தடவை. விடியற்காலைக்கே பதியுங்கள், கூட்டம் குறைவு, திரும்பிக் கடலுக்குப் போகிற ஆமையை வெளிச்சத்தில் பார்க்கலாம். மூச்சு வாங்கி வாங்கி, நாலு எட்டுக்கு ஒரு முறை நிற்கும். போன் வெளிச்சம் கூடாது.

இதே கடற்கரை மேட்டில் நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய சிந்துவெளிப் பொருள்களும், படகுக்குப் பூசிய கீல் துண்டுகளும் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன.

சூர்லருந்து சலாலா வரை கடலோரம் ஓட்டுறது வொர்த்தா?

தனிமை பிடிக்காதவர்களுக்கு இல்லை. முதல் நாள் முழுக்க மணல், உப்புத் தரை, கீற்று நிழலில் வலை பின்னும் மீனவர்கள், எப்போதாவது ஒரு பங்க். பாதி டேங்க் காலியானதும் நிரப்பிவிடுங்கள். துக்மைத் தாண்டி ஷுவைமியாவில் வெள்ளைப் பாறைச் சுவர் கடல் வரை இறங்கும். அங்கிருந்து ஹாசிக் வரை மலைச்சாலை, இந்தப் பயணத்திலேயே அழகான துண்டு அதுதான். ஹாசிக், சத்ஹ், மிர்பாத் கரையில் வருஷக் கடைசியில் சில நாள் மட்டும் அபலோன் என்ற விலை உயர்ந்த சிப்பிக்கு மூழ்க அனுமதி தருவார்கள். அந்த நாட்களில் ஊரே தண்ணீரில் இருக்கும்.

சலாலா பக்கம் தமிழ் எழுத்து கிடைச்சதாமே, உண்மையா?

உண்மை. சலாலாவுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் கோர் ரோரி. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஹத்ரமவ்த் அரசு (இன்றைய ஏமன் பக்கம்) கட்டிய சும்ஹுரம் என்ற துறைமுகக் கோட்டை. 2006இல் இத்தாலியத் தொல்லியல் குழு இங்கே தோண்டியபோது தமிழ் பிராமி எழுத்துள்ள பானைச் சில்லு ஒன்று கிடைத்தது. 'ணந்தை கீரன்' என்று படித்திருக்கிறார்கள், காலம் கி.பி. 1ஆம் நூற்றாண்டு. 'அந்தை' மூத்தவர்களுக்கு மரியாதையாகச் சேர்க்கிற சொல். கீரன் யாரென்று சங்கப் பாடல் படித்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை, அப்போது தெருவுக்கு ஒரு கீரன் இருந்திருப்பார்.

அந்தச் சில்லைப் பார்க்கலாம் என்று போகாதீர்கள், நான் தேடியும் என் கண்ணில் படவில்லை. அதற்குப் பதில் வாசலில் நில்லுங்கள். பழைய தென்னரபு எழுத்தில் கல்வெட்டு வாசற்சுவரிலேயே இருக்கிறது. கிடங்கு அறைகளைத் தாண்டிப் பின்பக்கம் போனால் கீழே கழிமுகம், இப்போது மணல் திட்டு அடைத்து ஏரி மாதிரி கிடக்கிறது, ஃபிளமிங்கோக்கள் மேய்கின்றன. கடல் திறந்திருந்த காலத்தில் கப்பல் இந்தச் சுவருக்கு அடியிலேயே வந்து நின்றிருக்கும். தென்மேற்குக் காற்றில் கிளம்பினால்தான் ஊர் போய்ச் சேரலாம். தவறவிட்டால் அடுத்த பருவம் வரை அந்தப் பாறை மேட்டில்தான் கீரனும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அங்க விக்கிற லுபான் நம்ம சாம்பிராணிதானா?

இல்லை. நம் கடையில் சாம்பிராணி என்று விற்பது பெரும்பாலும் சுமத்ரா பக்கத்து மரத்தின் பிசின். லுபான் வேறு மரம், நம் குந்துருக்கத்தின் உறவு. தோஃபார் மலையின் பின்பக்க வறட்சியில் வளரும். பட்டையைச் செதுக்கிவிட்டு இரண்டு வாரம் கழித்து வந்து உறைந்த பாலைச் சுரண்டுவார்கள், முதல் வெட்டில் வருவது உதவாது. ஹோஜரி என்ற ரகம்தான் உயர்ந்தது, லேசான பச்சை ஓடிய வெள்ளை. சலாலாவின் ஹாஃபா சந்தையில் கடைக்காரம்மாவைத் தணலில் ஒரு துண்டு போட்டுக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

சாப்பாடு? சைவம் கிடைக்குமா?

எந்தச் சின்ன ஊரிலும் ஒரு மலையாளி டீக்கடை இருக்கும். பரோட்டா, பருப்பு, முட்டை, கரக் டீ. ஹார்ன் அடித்தால் வண்டிக்கே கொண்டுவந்து தருவார்கள். அசைவர்கள் ஷுவா தேடுங்கள், மசாலா தடவி மண்குழியில் ஒரு நாளுக்கு மேல் வேகவைத்த கறி. கரையில் வஞ்சிரம் சுட்டது, சோற்றோடு. யாராவது வீட்டில் கஹ்வா (அரபுக் காபி) ஊற்றினால், போதும் என்பதற்குக் கோப்பையை லேசாக ஆட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் அம்மா ஏழு கோப்பை குடித்தார்.

செலவு எவ்வளவு ஆகும்?

ஓமனி ரியால் கனமான காசு, ஒன்றுக்கு 2.6 அமெரிக்க டாலர். 1000 பைசா ஒரு ரியால். 'பைசா' எப்படி என்று யோசிக்காதீர்கள், 1970 வரை அங்கே ரூபாய்தான் ஓடியது. அதற்கென்றே ரிசர்வ் வங்கி தனியாக வளைகுடா ரூபாய் நோட்டு அடித்தது. ரூமும் வண்டியும்தான் பணம் தின்னும். பெட்ரோல் நான் இருந்தவரை லிட்டர் கால் ரியாலுக்கும் கீழே. நாலு பேர் சேர்ந்து போனால்தான் கட்டுப்படியாகும்.

கடைசியா மிர்பாத்துல என்ன பார்க்கறது?

இடிந்த வியாபாரிகள் வீடுகள். இரண்டு மாடி, மரச் செதுக்கல் ஜன்னல், பாதிச் சுவர் தெருவில் கிடக்கும். ஊருக்கு வெளியே பின் அலீ தர்கா, இரட்டை வெள்ளைக் குவிமாடம். மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை கடைகள் மூடியிருக்கும். அந்த நேரத்தில் போய்ச் சேராதீர்கள். நாலரைக்கு மேல் மீன்துறைக்கு வந்துவிடுங்கள். படகு கரை தொடுமுன்பே பூனைகள் வரிசையில் உட்கார்ந்திருக்கும்.